பொத்தானில் மைஎஸ்க்யூஎல், உள்ளே மரியாடிபி: மாணவர்களுக்கு எந்தப் பெயரைச் சொல்லித்தருவது?

கரும்பலகை கேட்டது:

வணக்கம் நண்பர்களே. சிறிய ஊர் ஒன்றில் கணினிப் பயிற்சி மையம் நடத்துகிறேன். பன்னிரண்டு கணினிகள், மாலையில் பள்ளி கல்லூரிப் பிள்ளைகள் வருவார்கள். போன வாரம் பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு மாணவி கேட்ட கேள்விக்கு என்னால் நேராகப் பதில் சொல்ல முடியவில்லை. அது இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது, அதனால்தான் இங்கே வந்தேன்.

ஸாம்ப் என்ற இலவசத் தொகுப்பைப் போட்டுத்தான் டேட்டாபேஸ் பாடம் எடுக்கிறோம். அதன் கன்ட்ரோல் பேனலில் அப்பாச்சி என்ற வெப்சர்வருக்குக் கீழே டேட்டாபேஸின் பெயர் 'மைஎஸ்க்யூஎல்' என்று இருக்கும், ஸ்டார்ட் கொடுத்தால் அந்தப் பெயர் பச்சையாகும். அவள் கட்டளை அடிக்கும் ஷெல்லைத் திறந்து மைஎஸ்க்யூஎல் என்றே கட்டளை கொடுத்து உள்ளே போனாள். போனதும் மரியாடிபி என்று வரவேற்கிறது, அதற்குப் பிறகு ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் மரியாடிபி, மரியாடிபி என்றே வருகிறது. "சார், வெளியே ஒரு பேர், உள்ளே ஒரு பேர். நான் மூணு மாசமா எதைப் படிச்சிருக்கேன்? பயோடேட்டாவில் எதை எழுதறது?" என்றாள். இரண்டும் ஒன்றுதான்மா என்றேன். ஒன்று என்றால் எதற்கு இரண்டு பேர் என்றாள்.

நியாயமான கேள்வி. அப்புறம் யோசித்துப் பார்த்தால் இது இதோடு நிற்கவில்லை. பதினோராம் வகுப்புக் கணினிப் பாடநூலில் ஆவணம் தயாரிக்க ஓபன்ஆபீஸ் ரைட்டர் என்று இருக்கிறது, என் கணினிகளில் லிப்ரேஆபீஸ் இருக்கிறது, படத்தில் ஓரிடத்தில் இருக்கும் பொத்தான் திரையில் வேறிடத்தில் இருக்கும்போது பிள்ளைகள் தாங்கள்தான் ஏதோ தப்பாகச் செய்துவிட்டதாகப் பயப்படுகிறார்கள். ஜாவா சொல்லிக்கொடுங்கள் என்று பணம் கட்டிவிட்டு, இரண்டு வாரம் கழித்து, வெப்சைட் செய்ய ஜாவாஸ்கிரிப்ட்தான் கேட்டேன் என்ற அப்பாவும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் காரணம் இருக்குமா, இல்லை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே காரணமா? பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

---

கொத்துச்சாவி எழுதியது:

அந்த மாணவிக்கு முதலில் என் வாழ்த்தைச் சொல்லுங்கள் சார். திரையில் வருவதைப் படித்துப் பார்க்கிற பழக்கம் இருக்கிறது, பெரிய விஷயம்.

நான் பதினைந்து வருடமாக டேட்டாபேஸ் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறேன். எனக்குத் தெரிந்த மாதிரி சொல்கிறேன். நம் ஊர்க் கடைத்தெருவில் பார்த்திருப்பீர்கள், அண்ணன் தம்பி சேர்ந்து நடத்திய அல்வாக் கடை பாகம் பிரியும். போர்டும் கடை இருக்கும் இடமும் அண்ணனுக்குப் போகும், அடுப்படியில் நின்ற மாஸ்டர் தம்பியோடு போய்விடுவார். மறுநாளே அண்ணன் கடையில் 'எங்களுக்கு வேறு எங்கும் கிளைகள் கிடையாது' என்று எழுதி வைப்பார்கள். தம்பி எதிர்வரிசையில் வேறு பெயரில் கடை போடுவார். இரண்டு கடையிலும் அன்றைக்கு ஒரே அல்வாதான். பத்து வருடம் கழித்து இரண்டும் ஒரே அல்வாவா என்றால், இல்லை.

மைஎஸ்க்யூஎல் கதை கிட்டத்தட்ட இதுதான். 1995-இல் மைக்கேல் வீடேனியஸ், டேவிட் ஆக்ஸ்மார்க், ஆலன் லார்ஸன் என்று மூன்று பேர் தொடங்கினார்கள். வீடேனியஸ் பின்லாந்துக்காரர், எல்லோரும் மாண்டி என்பார்கள். அவருடைய மூத்த மகள் பெயர் மை, அதுதான் மைஎஸ்க்யூஎல்லில் இருக்கும் மை. 2008-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் அதைச் சுமார் நூறு கோடி டாலருக்கு வாங்கியது, 2010 ஜனவரியில் சன்னையே ஆரக்கிள் வாங்கி முடித்தது. காசுக்கு டேட்டாபேஸ் விற்கும் கம்பெனியின் கைக்கு இலவச டேட்டாபேஸ் போனால் என்ன ஆகுமோ என்ற கவலையில், விற்பனை முடிவதற்கு முன்பே மாண்டி நிரல் முழுவதையும் பிரதியெடுத்துத் தனியாக வளர்க்க ஆரம்பித்துவிட்டார். உரிமம் அதை அனுமதிக்கிறது, யாரையும் கேட்கத் தேவையில்லை. ஆனால் 'மைஎஸ்க்யூஎல்' என்ற டிரேட்மார்க் ஆரக்கிளோடு போய்விட்டது, அதை அவர் பயன்படுத்த முடியாது. அதனால் இளைய மகள் மரியாவின் பெயரை வைத்தார். மகன் மேக்ஸ் பெயரிலும் மேக்ஸ்டிபி என்று ஒன்று இருந்தது.

மாணவி கேட்டதற்கு விடை இங்கேதான் இருக்கிறது. நிரலை எடுத்துக்கொண்டு போகலாம், போர்டை எடுத்துக்கொண்டு போக முடியாது. அப்படியென்றால் கட்டளை மட்டும் ஏன் இன்னும் மைஎஸ்க்யூஎல்? உலகம் முழுக்க லட்சக்கணக்கான ஸ்கிரிப்ட்டுகளில் மைஎஸ்க்யூஎல் என்றே எழுதிவைத்திருக்கிறார்கள். கட்டளையின் பெயரை மாற்றினால் அத்தனையும் நின்றுபோகும், யாரும் மாறி வரமாட்டார்கள். எனவே கட்டளை, கோப்புறைகள், போர்ட் எண் 3306 எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொண்டார்கள். 10.5 பதிப்பிலிருந்துதான் கட்டளையின் உண்மைப் பெயர் மரியாடிபி என்றாகி, மைஎஸ்க்யூஎல் அதற்கு ஒரு சுட்டி ஆனது. 11-ஆம் வரிசையில் பழைய பெயரை அடித்தால் 'இந்தப் பெயர் வழக்கொழிந்தது, மரியாடிபி என்று கொடுங்கள்' என்ற பொருளில் எச்சரிக்கை வருகிறது.

ஸாம்ப் 2015-இல் மரியாடிபிக்கு மாறியது, பொத்தானில் இருக்கும் எழுத்தை மட்டும் மாற்றவில்லை. டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம் 2017-இல் வந்த 9-ஆம் பதிப்பில் மைஎஸ்க்யூஎல் சர்வர் என்று கேட்டால் மரியாடிபியைத்தான் நிறுவும். உபுண்டுவில் அதையே கேட்டால் ஆரக்கிளின் மைஎஸ்க்யூஎல் வரும். இரண்டு லினக்ஸிலும் தட்டச்சு செய்யும் பெயர் ஒன்றுதான்.

பதிப்பு எண்ணிலும் கவனம் வேண்டும். 5.5 வரைக்கும் இரண்டும் ஒரே எண்ணில் வந்தன. பிறகு மரியாடிபி 10-க்குத் தாவியது, மைஎஸ்க்யூஎல் 5.6, 5.7 என்று போய் 2018-இல் 8.0 ஆனது. 10 என்பது 8-ஐவிடப் புதியது என்று நினைத்து ஒரு நிறுவனத்தில் சர்வர் மாற்றத்துக்கே திட்டம் போட்டார்கள், நான் அந்தக் கூட்டத்தில் இருந்தேன், அரை நாள் எடுத்து விளக்க வேண்டியிருந்தது. இன்னொன்றும் உண்டு. சில பழைய நிரல்களில் மரியாடிபியின் பதிப்பைக் கேட்டால் 5.5.5 என்று தொடங்கி அதன் பின்னால் உண்மையான 10.4 வரும். முதல் எண்ணில் ஒரே ஒரு இலக்கம்தான் இருக்கும் என்று நம்பி எழுதப்பட்ட பழைய மைஎஸ்க்யூஎல் பிரதி சர்வர்கள் குழம்பக் கூடாது என்பதற்காக முன்னால் ஒட்டவைத்த எண் அது.

இப்போது இரண்டும் ஒன்றா? வகுப்பில் நடத்துகிற செலக்ட், இன்சர்ட், ஜாயின் வரைக்கும் ஒன்றுதான் என்று தைரியமாகச் சொல்லலாம். அதைத் தாண்டினால் இல்லை. ஜேசன் (தரவை உரையாக எழுதும் ஒரு வடிவம்) மைஎஸ்க்யூஎல்லில் தனி வகை, மரியாடிபியில் அது நீள உரைக்கு வைத்த மறுபெயர். வேலைக்குப் போகிற பிள்ளைகள் முதல் மாதத்தில் முட்டிக்கொள்வது வேறோர் இடம்: மைஎஸ்க்யூஎல் 8-இல் எடுத்த பேக்கப்பை ஸாம்ப்புக்குள் ஏற்றினால், தெரியாத கொலேஷன் (எழுத்துகளை ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் விதி), 'யுடிஎஃப்8எம்பி4_0900_ஏஐ_சிஐ' என்று நின்றுவிடும். 8-இல் அதுதான் இயல்பு, ஸாம்ப்பில் இருக்கும் 10.4-க்கு அந்தப் பெயரே தெரியாது. பேக்கப் கோப்பில் அந்தச் சொல்லை 'யுடிஎஃப்8எம்பி4_யூனிகோட்_சிஐ' என்று மாற்றினால் ஏறிவிடும்.

பயோடேட்டாவில் 'எஸ்க்யூஎல், மரியாடிபி 10.4' என்று எழுதச் சொல்லுங்கள். நேர்காணலில் மைஎஸ்க்யூஎல் தெரியுமா என்று கேட்டால், இந்த உறவைச் சொல்லி வேறுபாடு இரண்டைச் சொன்னால் போதும்.

---

தாழ்வாரம் எழுதியது:

கொத்துச்சாவி அண்ணா சொன்ன அல்வாக் கடை உவமை ஓபன்ஆபீஸ் விஷயத்தில் இன்னும் அழுத்தமாகப் பொருந்தும், ஏனென்றால் அங்கே பழைய போர்டு இன்றைக்கும் கூட்டத்தை இழுத்துக்கொண்டிருக்கிறது.

சுருக்கமாக: ஸ்டார்ஆபீஸ் என்ற ஜெர்மன் மென்பொருளை 1999-இல் சன் வாங்கியது, 2000-இல் நிரலைத் திறந்து விட்டது. பெயர் ஓபன்ஆபீஸ்.ஆர்க். அந்த 'ஆர்க்' வெறும் இணைய முகவரி இல்லை, பெயரின் பகுதி. வெறும் 'ஓபன்ஆபீஸ்' என்ற பெயருக்கு ஏற்கெனவே வேறு உரிமையாளர் இருந்தார். பிறகு அதே ஆரக்கிள் விற்பனை. 2010 செப்டம்பர் 28 அன்று அதில் உழைத்தவர்களில் பெரும்பகுதி வெளியே வந்து டாக்குமென்ட் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அன்றைக்கு லிப்ரேஆபீஸ் என்பது தற்காலிகப் பெயர்தான். பழைய பெயரை எங்களுக்கே கொடுத்துவிடுங்கள் என்று ஆரக்கிளிடம் கேட்டிருந்தார்கள். ஆரக்கிள் கொடுக்கவில்லை, 2011-இல் அந்தப் பெயரையும் நிரலையும் அப்பாச்சி அறக்கட்டளைக்குக் கொடுத்தது. இப்படித்தான் தற்காலிகப் பெயர் நிலைத்துப்போனது.

அதற்குப் பிறகு இரண்டு கடையும் ஒரே வேகத்தில் போகவில்லை. அப்பாச்சி ஓபன்ஆபீஸ் 4.1 வந்தது 2014-இல். அதன்பின் வந்தவையெல்லாம் 4.1-க்குப் பக்கத்தில் இன்னோர் எண் சேர்ந்த திருத்தங்கள்தான். லிப்ரேஆபீஸ் வருடத்துக்கு இரண்டு பெரிய பதிப்பு. 2020 அக்டோபரில் லிப்ரேஆபீஸ்காரர்கள் அப்பாச்சிக்குப் பகிரங்கக் கடிதமே எழுதினார்கள், உங்கள் பெயரை நம்பி வருகிறவர்களுக்கு எங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று.

வகுப்பில் இதைக் கண்முன்னே காட்ட ஒரு வழி சொல்கிறேன் சார். ஒரு கணினியில் ஓபன்ஆபீஸ் போடுங்கள். வேர்டில் செய்த ஏதாவது ஒரு டாக்எக்ஸ் கோப்பைத் திறக்கச் சொல்லுங்கள், திறக்கும். இரண்டு வரி சேர்த்து, அதே டாக்எக்ஸ் ஆகச் சேமிக்கச் சொல்லுங்கள். சேமிக்கும் பட்டியலில் டாக் இருக்கும், ஓபன்ஆபீஸின் சொந்த வடிவமான ஓடிடி இருக்கும், டாக்எக்ஸ் இருக்காது. லிப்ரேஆபீஸில் இருக்கும். பாடநூலில் இருக்கும் பெயரும் நாம் பயன்படுத்துவதும் ஏன் வேறு என்று அரை மணி நேரம் பேசுவதைவிட அந்தப் பட்டியலைப் பார்த்தாலே பிள்ளைகளுக்குப் பிடிபட்டுவிடும்.

நான் ஒரு பள்ளியில் ஆய்வக உதவியாளராக இருந்தபோது தேர்வுக்கு முன்னால் பிள்ளைகளுக்கு ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வேன்: எழுத்துத் தேர்வில் பாடநூலில் உள்ள பெயரை எழுது, செய்முறையில் திரையில் உள்ள மெனுவை நம்பு. படம் மாறியிருந்தால் அது உன் தப்பில்லை. இந்தக் கடைசி வரியைச் சொன்னால் போதும், கை நடுக்கம் நின்றுவிடும்.

---

நூல்கண்டு எழுதியது:

மேலே இரண்டு பேரும் மென்பொருளைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள், நான் மொழிகளுக்கு வருகிறேன். அதற்கு முன்னால் கொத்துச்சாவி சொன்னதில் ஓர் இடத்தில் எனக்கு உடன்பாடில்லை. பழைய கட்டளைப் பெயரையே பிரிந்துபோனவர்களும் வைத்துக்கொள்வது வசதி என்கிற மாதிரி எழுதியிருக்கிறீர்கள். எதிர்ப்பக்கமும் உண்டு.

வீடியோ மாற்றுகிறவர்களுக்கு எஃப்எஃப்எம்பெக் தெரிந்திருக்கும். 2011-இல் அதில் உள்சண்டை வந்து ஒரு பகுதியினர் பிரிந்தார்கள். பெயர் நிறுவனரிடம் இருந்ததால் பிரிந்தவர்கள் லிபேவி என்று வைத்துக்கொண்டார்கள். டெபியனும் உபுண்டுவும் லிபேவி பக்கம் போயின. உபுண்டு 12.04-இல் எஃப்எஃப்எம்பெக் என்று அடித்தால் ஓடும், ஆனால் ஓடுவது லிபேவியின் பிரதி. மேலே நட்சத்திரக் குறிகளுக்கு நடுவே, இந்த நிரல் வழக்கொழிந்தது, இனி ஏவிகான்வ் (லிபேவியின் புதுக் கட்டளை) பயன்படுத்துங்கள் என்ற பொருளில் ஓர் அறிவிப்பு வரும். வழக்கொழிந்தது லிபேவிக்குள் பழைய பெயரில் வைத்திருந்த அந்தச் சின்ன நிரல் மட்டும்தான். படித்தவர்களோ எஃப்எஃப்எம்பெக் திட்டமே செத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டார்கள். உண்மையில் அது முன்பைவிட வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. 2015-இல் டெபியனும் உபுண்டுவும் எஃப்எஃப்எம்பெக்குக்கே திரும்பின. நடுவில் போன நான்கு வருடத்தில் எத்தனை பேர் எத்தனை ஸ்கிரிப்ட்டை மாற்றி, மறுபடி மாற்றியிருப்பார்கள். ஒரே பெயரில் இரண்டு பொருள் இருக்கும்போது அதில் ஒன்று, நான் சாகப்போகிறேன் என்றால், கேட்பவருக்கு எது என்று எப்படித் தெரியும்? ஆகவே பிரிந்தால் கட்டளைக்கும் புதுப் பெயர் வைப்பதுதான் முறை என்று நினைக்கிறேன், கொஞ்ச நாள் வலித்தாலும்.

மொழிகள். ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்ட்டும் அண்ணன் தம்பி இல்லை, பாகப்பிரிவினையும் நடக்கவில்லை. 1995 மே மாதம் இணைய உலாவி செய்த நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் என்பவர் பத்து நாளில் முதல் வடிவத்தை எழுதினார். உள்ளே வைத்த பெயர் மோக்கா, பிறகு லைவ்ஸ்கிரிப்ட். அந்த ஆண்டு ஊரெல்லாம் ஜாவா பேச்சு. நெட்ஸ்கேப்பும் சன்னும் கூட்டுச் சேர்ந்து டிசம்பரில் ஜாவாஸ்கிரிப்ட் என்று அறிவித்தார்கள். கல்யாண வீட்டில் பெரிய மனிதர் பெயரைப் பத்திரிகையில் போட்டுக்கொள்வது மாதிரி. அந்த டிரேட்மார்க்கும் சன்னோடு சேர்ந்து ஆரக்கிளிடம் போய்விட்டது, இந்தத் திரியில் எல்லா வழியும் அங்கேதான் போகிறது. 1997-இல் மொழியைத் தரப்படுத்தியபோது அந்தப் பெயரை வைக்க முடியாமல் எக்மாஸ்கிரிப்ட் என்று வைத்தார்கள். தரநிலை ஆவணத்தில் இன்றும் அதுதான் பெயர், தெருவில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. 2024 நவம்பரில், ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டும் மென்பொருள் செய்கிற டெனோ நிறுவனம் அமெரிக்க டிரேட்மார்க் அலுவலகத்தில் இந்தப் பதிவை ரத்துசெய்யச் சொல்லி மனு போட்டது. உங்களிடம் பணம் கட்டிய அந்த அப்பாவின் மேல் தப்பே இல்லை சார். முப்பது வருடத்துக்கு முன்னால் விளம்பரத்துக்காக ஒட்டிய பெயர் அவரை அலைய வைத்திருக்கிறது.

பெர்ல் கதை வேறு மாதிரி. 2000-இல் பெர்ல் 6 வரப்போகிறது என்றார்கள். அடிப்படையிலிருந்தே எல்லாவற்றையும் மாற்றி எழுதினார்கள், முதல் நிலையான வெளியீடு 2015 கிறிஸ்துமஸ் சமயத்தில்தான் வந்தது. வந்தபோது அது வேறு மொழி. அதற்குள் பெர்ல் 5 தன்பாட்டுக்குப் பதிப்புகள் கண்டு நன்றாக வாழ்ந்துகொண்டிருந்தது. 5 என்றால் பழசு, 6 என்றால் புதுசு என்று வெளியாட்கள் நினைக்க, பெர்ல் 5-இல் வேலை செய்தவர்களுக்கு அடுத்த எண்ணே இல்லாமல் போனது. 2019 அக்டோபரில் பெர்லை உருவாக்கிய லாரி வால் ஒப்புதலோடு 6-க்கு ராக்கு என்று பெயர் மாற்றினார்கள். பத்தொன்பது வருடம் ஆனது அந்த முடிச்சை அவிழ்க்க. வெப்சைட் எழுதும் பிஎச்பி மொழியில் இன்னொன்று: பிஎச்பி 5-க்குப் பிறகு 6 வரவேயில்லை, 2015-இல் நேராக 7. யூனிகோடை அடிப்படையாக வைத்து 6 செய்யத் தொடங்கிப் பாதியில் கைவிட்டார்கள், அதற்குள் பிஎச்பி 6 என்று தலைப்பிட்ட புத்தகங்கள் கடைக்கு வந்துவிட்டன. அந்த எண்ணை மறுபடி தொட்டால் குழப்பம் என்று தாண்டிவிட்டார்கள். இது நல்ல முடிவு என்றே சொல்வேன்.

கோ மொழியை எல்லோரும் கோலாங் என்கிறார்கள், அது பழைய இணைய முகவரியிலிருந்து வந்த பெயர், மொழியின் பெயர் கோ மட்டும்தான். 2009-இல் கூகுள் அதை அறிவித்ததும், என் மொழிக்கு ஏற்கெனவே அதே பெயர் இருக்கிறது என்று இன்னொருவர் வந்தார். அவருடையது ஆச்சரியக்குறி சேர்த்த 'கோ!'. கோ திட்டத்தின் குறைப் பட்டியலில் ஒன்பதாம் எண்ணாகப் பதிவான புகார் அது. 'துரதிர்ஷ்டவசமானது' என்று குறித்து மூடிவிட்டார்கள். பெரிய நிறுவனம் சின்ன ஆளின் பெயரை எடுத்துக்கொண்டால் சின்ன ஆள் ஒன்றும் செய்ய முடியாது, அதைச் சரியென்று என்னால் சொல்ல முடியவில்லை.

பைத்தான் எடுத்தால் பைபை வேறு, பைபிஐ வேறு, சிபைத்தான் வேறு, சைத்தான் வேறு என்று முதல் நாளே கரும்பலகையில் எழுதிவிடுங்கள். பைபை என்பது பைத்தானை ஓட்டும் ஓர் இயந்திரம், பைபிஐ தொகுப்புகள் இருக்கும் களஞ்சியம், சிபைத்தான் நாம் வழக்கமாக நிறுவும் பைத்தான், சைத்தான் பைத்தான் மாதிரி எழுதியதை சி மொழிக்கு மாற்றும் கருவி. அப்புறம் பட வேலைக்கு நிறுவும்போது பில்லோ என்று கேட்க வேண்டும், நிரலுக்குள் அழைக்கும்போது பிஐஎல் என்று எழுத வேண்டும். பிஐஎல் என்ற பழைய நூலகம் 2009-க்குப் பிறகு வெளியீடு இல்லாமல் நின்றுபோக, அதிலிருந்து கிளைத்தது பில்லோ. மாஸ்டர் புதுக் கடையில் இருந்தாலும் வாடிக்கையாளர் பழைய பெயரைச் சொல்லித்தான் கேட்கிறார்.

---

மழைக்காலம் எழுதியது:

நூல்கண்டு சொல்வது கேட்க நியாயமாக இருக்கிறது, ஆனால் கட்டளைப் பெயரை உடனே மாற்றியிருந்தால் மரியாடிபியை யாரும் தொட்டே பார்த்திருக்க மாட்டார்கள் என்பதுதான் என் எண்ணம். கடை வாசலில் வேறு போர்டு இருந்தாலும் உள்ளே போனதும் அதே பெஞ்சு, அதே தம்ளர் இருந்ததால்தான் ஜனங்கள் உட்கார்ந்தார்கள்.

பிரியாதவர்களுக்கும் பெயர்த் தொல்லை வரும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ஃபயர்ஃபாக்ஸ் 2002-இல் ஃபீனிக்ஸ் என்ற பெயரில் வந்தது, அந்தப் பெயரில் ஒரு கம்பெனி இருந்தது. 2003-இல் ஃபயர்பேர்ட் என்று மாற்றினார்கள், அந்தப் பெயரில் ஒரு டேட்டாபேஸ் திட்டம் இருந்தது, அதுவும் இன்டர்பேஸ் என்ற டேட்டாபேஸிலிருந்து பிரிந்து கிளைத்தது. அவர்கள் கோபப்பட்டார்கள், 2004-இல் ஃபயர்ஃபாக்ஸ் ஆனது. பிறகு டெபியன் தன் திருத்தங்களைச் சேர்த்து வெளியிட நினைத்தபோது, டிரேட்மார்க் விதிப்படி அந்தப் பெயரில் வெளியிட முடியாது என்று வந்து, 2006 முதல் 2016 வரை டெபியனில் அதே உலாவி ஐஸ்வீசல் என்ற பெயரில் இருந்தது. பத்து வருடம். நிரல் ஏறக்குறைய அதேதான், பெயரும் படமும்தான் வேறு. கரும்பலகை சாரின் மாணவி கேட்டதற்கு நேர் எதிர்ப்பக்கம் இது: உள்ளே ஒன்று, வெளியே இரண்டு பெயர்.

டெபியனில் நோட் என்ற கட்டளை ஒரு காலத்தில் அமெச்சூர் வானொலிக்காரர்களுடையது. ஜாவாஸ்கிரிப்ட்டை உலாவிக்கு வெளியே ஓட்டும் நோட்.ஜேஎஸ் பிறகு வந்தது. இரண்டுக்கும் ஒரே பெயர் என்பதால் 2012-இல் டெபியனின் தொழில்நுட்பக் குழு வரை பிரச்சினை போய், பல வருடம் அங்கே நோட்ஜேஎஸ் என்று நீட்டி அடிக்க வேண்டியிருந்தது. இணையத்தில் இருக்கும் பாடத்தைப் பார்த்து நோட் என்று அடித்த பிள்ளைகளுக்கு அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று வரும். அப்படித் தவித்தவர்களில் நானும் ஒருவன், யாரும் காரணம் சொல்லவில்லை. சொல்ல ஓர் ஆசிரியர் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதனால்தான் உங்கள் கேள்வியைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது.

---

கரும்பலகை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று வகுப்பில் அல்வாக் கடையிலிருந்தே தொடங்கினேன், எங்கள் ஊரிலும் அப்படி ஒரு தெரு இருப்பதால் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. செலக்ட் வெர்ஷன் கொடுக்கச் சொன்னேன், பன்னிரண்டு கணினியிலும் 10.4.32-மரியாடிபி. டேட்டாபேஸை உலாவியில் பார்க்க உதவும் பிஎச்பிமைஅட்மின் முகப்பில் வலது பக்கம் சர்வர் வகை என்ற வரியிலும் மரியாடிபி என்றே இருக்கிறது, இத்தனை வருடமாக அந்த வரி அங்கேயே இருந்திருக்கிறது.

ஓபன்ஆபீஸ் சோதனையும் செய்தோம். டாக்எக்ஸ் பட்டியலில் இல்லை என்றதும் ஒரு பையன் இரண்டு தடவை மேலும் கீழும் தேடிவிட்டு, நிஜமாவே இல்ல சார் என்றான்.

புதிதாக ஒரு கேள்வி வந்திருக்கிறது. டேபிள் உருவாக்கும்போது யுடிஎஃப்8 என்றும் யுடிஎஃப்8எம்பி4 என்றும் இரண்டு வருகிறதே, இதுவும் இதே மாதிரி பாகப்பிரிவினையா? தமிழ் எழுத்துக்கு எது?

---

கொத்துச்சாவி எழுதியது:

இது பிரிவினை இல்லை சார், தொடக்கத்திலேயே தவறாக வைத்த பெயர். யுடிஎஃப்-8 என்பது எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் முறை. மைஎஸ்க்யூஎல்லில் யுடிஎஃப்8 என்று பெயர் வைத்தது ஒரு குறியீட்டுக்கு மூன்று பைட் வரை மட்டும் கொள்ளும். உண்மையான யுடிஎஃப்-8-க்கு நான்கு வேண்டும். பிழையைத் திருத்தியபோது பெயரை மாற்றினால் பழைய டேபிள்கள் குழம்பும் என்று, சரியானதற்கு யுடிஎஃப்8எம்பி4 என்று புதுப் பெயர் வைத்தார்கள்.

யூனிகோடில் நாம் வழக்கமாக எழுதும் தமிழுக்கு உள்ள குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட் (கி மாதிரி எழுத்தில் இரண்டு குறியீடு), அதனால் பழைய யுடிஎஃப்8-இலும் ஒழுங்காக உட்காரும், நமக்குக் குறை தெரியாது. ஆனால் எமோஜி நான்கு பைட். அதைவிட முக்கியம், 2019-இல் யூனிகோட் 12-இல் மா, காணி, முந்திரி மாதிரியான நம் பழைய பின்னக் குறிகளையும் அளவைக் குறிகளையும் தமிழ் இணைப்புத் தொகுதி என்று தனியாகச் சேர்த்தார்கள். அவை அத்தனையும் நான்கு பைட். பழைய ஓலைக் கணக்கைக் கணினியில் ஏற்ற நினைக்கிறவர் யுடிஎஃப்8 என்ற பெயரை நம்பினால், அமைப்பைப் பொறுத்து பிழை வரும் அல்லது கேள்விக்குறியாகிவிடும். எப்போதும் யுடிஎஃப்8எம்பி4 தான்.

நூல்கண்டுக்கு: எஃப்எஃப்எம்பெக் விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி. மரியாடிபியிலும் மாற்றத்தை 11 வரை இழுத்திருக்க வேண்டாம் என்று இப்போது தோன்றுகிறது.

---

கரும்பலகை எழுதியது:

சோதித்துவிட்டோம். ஒரே டேபிளில் இரண்டு நெடுவரிசை, ஒன்று யுடிஎஃப்8, ஒன்று யுடிஎஃப்8எம்பி4. முந்திரிக் குறியை இரண்டிலும் போட்டோம். முதலாவதில் கேள்விக்குறி வந்தது. இரண்டாவதில் எங்கள் எழுத்துருவில் அந்தக் குறி இல்லாததால் வெறும் கட்டம்தான் தெரிந்தது, ஆனால் நீளம் கேட்டதற்கு 4 என்று சொன்னது. கேள்வி கேட்ட மாணவிதான் கட்டளை அடித்தாள். பயோடேட்டாவில் 'மரியாடிபி 10.4, மைஎஸ்க்யூஎல்லிலிருந்து பிரிந்தது' என்று எழுதியிருக்கிறாள், அடைப்புக்குறி போடலாமா என்று கேட்டாள், வேண்டாம், நேர்காணலில் நீயே வாயால் சொல் என்றேன். பன்னிரண்டு கணினியின் மானிட்டர் விளிம்பிலும் சின்னதாக வெள்ளைச் சீட்டு ஒட்டியிருக்கிறோம்: பொத்தானில் மைஎஸ்க்யூஎல், ஓடுவது மரியாடிபி.